ஓட்டல் மேடையில் ஒரு தொழிலாளி

(கொச்சி மட்டாஞ்சேரியில் தமிழ்த் தோழர்கள் கூட்டிய கலை இலக்கியக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இசையைப் பற்றிப் பேசுவதற்கு மட்டாஞ்சேரி மிகப் பொருத்தமான இடம். இது மெஹ்பூப் பாடித் திரிந்த ஊர். உலகப்போர்க் காலத்தில் ராணுவ முகாம்களில் சிற்றேவல் செய்துகொண்டே பாடிய ஏழைச் சிறுவன், பின்னாளில் 'நீலக்குயில்' போன்ற படங்களில் பாடிக் கேரளமெங்கும் அறியப்பட்டார். 1981இல் அவர் மறைந்த பிறகும் இவ்வூர்த் தெருக்கள் அவர் பெயரை மறக்கவில்லை. துறைமுகத் தொழிலாளர் சாப்பா முறையை எதிர்த்து எழுந்து நின்ற ஊரும் இதுவே. 1953 செப்டம்பர் 15 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் சையது, சைதலவி ஆகிய தோழர்களும், போலீஸ் தாக்குதலில் அந்தோணியும் உயிர்நீத்தார்கள்.

இப்படிப்பட்ட ஊரில் நின்றுகொண்டு, கல்கத்தாவில் மாண்டுபோன ஓர் அமெரிக்க ஜாஸ் இசைக்குழுத் தலைவரைப் பற்றி நான் பேசப் போகிறேன். அவர் பெயர் டெடி வெதர்ஃபோர்ட். தலைப்பைக் கேட்டதும் தோழர் ஒருவர் என்னிடம், "ஜாஸ் என்பது நட்சத்திர ஓட்டலில் பணக்காரர்கள் ஆடுவதற்கான இசையல்லவா? நமக்கும் அதற்கும் என்ன உறவு?" என்று கேட்டார். இது நியாயமான கேள்வி. இந்தக் கேள்விக்கு விடை தேடுவதையே என் உரையாக வைத்துக்கொள்கிறேன்.

கார்க்கியின் காதில் விழுந்தது

இதே கேள்வியை முதலில் எழுப்பியவர் நாம் அனைவரும் மதிக்கும் மாக்சிம் கார்க்கி. அவர் இத்தாலியின் சொரெண்டோ நகரில் வாழ்ந்தபோது, அண்டையிலிருந்த ஓட்டலின் வானொலி வழியே இரவில் ஜாஸ் இசை வந்து அவர் அமைதியைக் குலைத்தது. 1928இல் 'பிராவ்தா' ஏட்டில் அவர் ஒரு கட்டுரை எழுதினார். அவ்விசையைக் கொழுத்தவர்களின் இசை என்று அதில் கண்டித்தார். 'தாய்' நாவலைப் படைத்தவரின் சொல் என்பதால் அதற்குப் பெரும் எடை இருந்தது. சோவியத் நாட்டில் ஜாஸ் இசைக்கு எதிராக எழுந்த வாதங்களுக்கெல்லாம் அக்கட்டுரை பல ஆண்டுகள் ஆதாரமாக நின்றது.

கார்க்கி கேட்டது பொய்யன்று. ஆடியவர்கள் கொழுத்தவர்கள்தாம். ஆனால் இசைத்தவர்கள் யார் என்பதை அவர் கேட்கத் தவறினார். நம் ஊர் அனுபவத்தை வைத்தே இதைச் சிந்திக்கலாம். ஜமீன்தார் வீட்டுத் திருமணத்தில் நாதசுரம் வாசிக்கப்பட்டது. அதனால் நாதசுரம் ஜமீன்தாரின் இசை ஆகிவிடுமா? வாசித்த கலைஞர் தோளில் துண்டு போடக் கூடாது என்று தடுத்த ஊர்கள் இருந்தன. பறையைச் சாதி ஏவலாக அடிக்க வைத்தவர்கள் ஆதிக்கச் சாதியினர். இன்று அதே பறை நமது ஊர்வலங்களின் முன்வரிசையில் முழங்குகிறது. கோட்டைக் கொச்சியின் தோபிக்கானாவில் தலைமுறை தலைமுறையாகத் துணி வெளுக்கும் தமிழ்க் குடும்பங்களை நீங்கள் அறிவீர்கள். அங்கே வெளுக்கப்படும் விரிப்பில் படுப்பவர் விடுதியில் தங்கும் செல்வந்தர் என்பதால், வெளுத்தவரின் உழைப்பு செல்வந்தரின் வர்க்கத்தைச் சேர்ந்துவிடாது. ஓட்டல் மேடையில் பியானோ வாசித்தவரையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும்.

வர்ஜீனியாவிலிருந்து சிகாகோவுக்கு

டெடி வெதர்ஃபோர்ட் 1903 அக்டோபரில் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் பொகஹொன்டாஸ் என்னும் நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தார். அடிமை முறை சட்டப்படி ஒழிந்து நாற்பது ஆண்டுகள் ஆகியும், தென் மாநிலங்களில் கறுப்பின மக்களுக்குத் தனிப் பள்ளி, தனி ரயில் பெட்டி, தனிக் குடிநீர்க் குழாய் என்ற ஒதுக்கல் சட்டங்கள் கோலோச்சிய காலம் அது. தீண்டாமையை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சிறு வயதில் நியூ ஆர்லியன்ஸ் நகருக்குச் சென்று அங்கே பியானோ பயின்றார். பிறகு, லட்சக்கணக்கான கறுப்பின உழைப்பாளிகள் தெற்கிலிருந்து வட நகரங்களின் ஆலைகளை நோக்கிப் புலம்பெயர்ந்த அந்தப் பேரலையில் அவரும் சிகாகோ வந்து சேர்ந்தார்.

சிகாகோவில் எர்ஸ்கின் டேட் என்பவரின் இசைக்குழு வெண்டோம் திரையரங்கில் ஊமைப் படங்களுக்கு இசை வழங்கிவந்தது. அதில் வெதர்ஃபோர்ட் பியானோ வாசித்தார். அதே குழுவில் டிரம்பெட் வாசித்தவர் லூயி ஆம்ஸ்ட்ராங். 1926 மே மாதம் அக்குழு பதிவு செய்த இசைத்தட்டில் இருவரும் இருக்கிறார்கள். வெதர்ஃபோர்டுக்கு அப்போது வயது 22. பெரிய கைகள், இடக்கை தாளத்தைத் தாங்க வலக்கை தன் போக்கில் பாயும் வாசிப்பு. அவ்வாண்டே அவர் ஜாக் கார்ட்டர் என்பவரின் குழுவோடு கப்பலேறி ஆசியாவுக்குப் புறப்பட்டார்.

பெருங்குழு என்னும் கூட்டுழைப்பு

அவர் புறப்பட்ட பிறகுதான் அமெரிக்காவில் ஸ்விங் காலம் பிறந்தது. ஏறத்தாழ 1935 முதல் போர் முடியும் வரை நீண்ட காலம் அது. ஸ்விங் என்பது சுமார் பதினைந்து பேர் கொண்ட பெருங்குழுவின் ஜாஸ் இசை. டிரம்பெட் வரிசை, டிராம்போன் வரிசை, சாக்ஸபோன் வரிசை என மூன்று ஊதல் அணிகள். இவற்றைத் தாங்கும் பியானோ, கிட்டார், பெரிய பாஸ் வயலின், டிரம்ஸ். ஓர் அணி ஒரு வரியை எழுப்பும். மற்றோர் அணி பதில் சொல்லும். பருத்திக் காட்டிலும் தேவாலயத்திலும் கறுப்பின மக்கள் பாடிய அழைப்பும் மறுமொழியுமே இதன் வேர். ஒருத்தி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடும் நம் நடவுப் பாட்டு இதற்கு வெகு தூரத்தில் இல்லை. நடுவில் ஒருவர் எழுந்து தன் கற்பனையில் தனியே வாசிப்பார். மற்றவர்கள் அவரைத் தாங்கி நிற்பார்கள். தனிமனிதத் திறனும் கூட்டுக் கட்டுப்பாடும் ஒன்றையொன்று அழிக்காமல் வாழ முடியும் என்பதைக் காதால் கேட்டு அறியும் இடம் அது.

இந்த உழைப்பின் பலன் யாரிடம் போயிற்று? நியூயார்க்கின் காட்டன் கிளப்பில் டியூக் எல்லிங்டன் குழு வாசித்தது. மேடையில் கறுப்பினக் கலைஞர்கள். பார்வையாளர் இருக்கையில் வெள்ளையர் மட்டுமே. இந்த அநீதியை அந்நாட்டு இடதுசாரிகள் அன்றே கண்டார்கள். 1938 டிசம்பர் 23 அன்று நியூயார்க்கின் கார்னகி அரங்கில் ஆன்மிகப் பாடல் முதல் ஸ்விங் வரை கறுப்பின இசை வரலாற்றைக் காட்டிய பெருநிகழ்ச்சி நடந்தது. அதற்கு ஆதரவளித்தது கம்யூனிஸ்டுகளின் 'நியூ மாசஸ்' ஏடு. கார்க்கி எந்த இசையைக் கண்டித்தாரோ, அந்த இசையைப் பத்தாண்டுகளுக்குப் பிறகு அமெரிக்கக் கம்யூனிஸ்டுகள் மேடையேற்றினார்கள்.

அம்மேடையில் கவுண்ட் பேசி குழுவில் டிரம்பெட் வாசித்தவர்களில் ஒருவர் பக் கிளேட்டன். நான்கு ஆண்டுகளுக்கு முன் அவரையும் அவருடைய குழுவையும் அமெரிக்காவிலிருந்து ஷாங்காய் நகருக்கு அழைத்துச் சென்றவர் நம் வெதர்ஃபோர்ட்.

ஷாங்காய், கொழும்பு, பம்பாய்

ஷாங்காய் அன்று அந்நிய வல்லரசுகள் பங்கு போட்டுக்கொண்ட துறைமுக நகரம். அதன் நடன அரங்குகளில் வெதர்ஃபோர்ட் மிகவும் நாடப்பட்ட கலைஞராக இருந்தார். ஒரே இரவில் ஒன்றுக்கு மேற்பட்ட அரங்குகளில் வாசித்தார். சோவியத் நாட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு 1933இல் ஷாங்காய் வந்த கறுப்பினக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ், அங்கே வெதர்ஃபோர்டைச் சந்தித்தார். பின்னாளில் தன் வரலாற்று நூலிலும் அவரைப் பற்றி எழுதினார். அதே நகரில் லீ ஜின்ஹுய் என்ற சீன இசையமைப்பாளர் ஜாஸைச் சீன நாட்டுப்புற மெட்டுகளோடு இணைத்துக்கொண்டிருந்தார். பக் கிளேட்டனும் அவரோடு சேர்ந்து பணியாற்றினார். லீயின் கலைக்குழுவில் வயலின் வாசித்துப் பழகிய நியே ஏர் என்ற இளைஞர் கம்யூனிஸ்ட் ஆனார். 1935இல் அவர் இசையமைத்த தொண்டர் படை அணிவகுப்புப் பாடலே இன்று மக்கள் சீனத்தின் தேசிய கீதம். நடன அரங்கின் இசையும் புரட்சியின் கீதமும் ஒரே நகரின் ஒரே தெருக்களில் வளர்ந்தன என்பதை நாம் மனத்தில் கொள்ள வேண்டும்.

1930களின் பிற்பகுதியில் வெதர்ஃபோர்ட் இந்தியா வந்தார். பம்பாய் தாஜ் மகால் ஓட்டலில் 1935இலேயே லியான் அபே தலைமையிலான கறுப்பினக் குழு ஒன்று வாசித்திருந்தது. அவ்வழியே வெதர்ஃபோர்டும் அம்மேடைக்கு வந்தார். இடையில் 1937இல் பாரிஸ் சென்று தனிப் பியானோ இசைத்தட்டுகள் சிலவற்றைப் பதிவு செய்தார். கொழும்பிலும் வாசித்தார். பம்பாயின் வெள்ளையர் கிளப்புகளுக்குள் இந்தியர் நுழைய முடியாத காலம் அது. தன் நாட்டில் வெள்ளையரோடு ஒரே மேசையில் அமர முடியாத ஒருவர், இங்கே வெள்ளைத் துரைமார் ஆடுவதற்கு வாசித்தார். ஆயினும் அவரைச் சுற்றி நம்மவர்கள் இருந்தார்கள். ஊர்த் தேவாலயப் பள்ளிகளில் இசைக்குறிப்பு வாசிக்கக் கற்று, பிழைப்புத் தேடிப் பம்பாய் வந்த கோவா இளைஞர்கள் ஜாஸ் இசையை அந்தக் கறுப்பினக் கலைஞர்களிடமிருந்து நேரடியாகப் பயின்றார்கள்.

பஞ்ச நகரில் பதிவான இசை

போர்க் காலத்தில் வெதர்ஃபோர்ட் கல்கத்தாவுக்குக் குடிபெயர்ந்தார். சௌரங்கி சாலையில் இருந்த கிராண்ட் ஓட்டல், நோய்ப் பரவலால் மூடிக் கிடந்து 1938இல் ஓபராய் கைக்கு மாறியிருந்தது. போர் வந்ததும் பிரிட்டிஷ், அமெரிக்கப் படையினர் அதில் நிரம்பினார்கள். அங்கே வெதர்ஃபோர்ட் தமது குழுவை நடத்தினார்.

அந்தக் குழுவின் அமைப்பே ஒரு வரலாறு. சாக்ஸபோன் வாசித்த ராய் பட்லர் அமெரிக்கக் கறுப்பினத்தவர். கிளாரினெட் வாசித்த ரூபன் சாலமன் பர்மாவைச் சேர்ந்த யூதர். கிட்டார் வாசித்த செட்ரிக் வெஸ்ட்டும் பர்மாவிலிருந்து வந்தவர். ஜப்பானியர் ரங்கூனைக் குண்டு வீசித் தகர்த்தபோது, அங்கிருந்து பல லட்சம் பேர் இந்தியாவுக்குக் கிளம்பினார்கள். அவர்களில் எத்தனை ஆயிரம் தமிழர்கள் அரக்கான் மலைப் பாதையிலும் காட்டிலும் மாண்டார்கள் என்பதை நம் குடும்பக் கதைகள் இன்றும் சொல்கின்றன. கப்பலிலும் கால்நடையாகவும் கூலித் தொழிலாளர் வந்த அதே இடப்பெயர்ச்சி, கல்கத்தாவுக்கு இசைக் கலைஞர்களையும் கொண்டுவந்தது. அந்நகர ஓட்டல் உலகில் நேபாளியான புஷ்கர் பகதூர் என்ற டிரம்பெட் கலைஞர் ஜார்ஜ் பேங்ஸ் ஆனார். வேலைக்காகப் பெயரையே மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

1943இல் வங்கப் பஞ்சம் வந்தது. ஏறத்தாழ 30 லட்சம் பேர் மாண்டார்கள். வானம் பொய்த்ததால் மட்டும் வந்த பஞ்சமன்று அது. ஏகாதிபத்தியப் போர்க் கொள்கையும் பதுக்கலும் கள்ளச் சந்தையும் சேர்ந்து உண்டாக்கிய பஞ்சம். கிராமத்து மக்கள் கஞ்சித் தண்ணீர் கேட்டுக் கல்கத்தா நடைபாதைகளில் விழுந்து இறந்தார்கள். ஓட்டலுக்கு உள்ளே நடனம் நடந்தது. அதே நாட்களில் நம் தோழர்கள் கஞ்சித் தொட்டி நடத்தினார்கள். சித்தபிரசாத் பட்டினி கிடந்த மக்களை வரைந்தார். சுனில் ஜானா படம் பிடித்தார். 1943 மே மாதம் பம்பாயில் இந்திய மக்கள் நாடக மன்றமாகிய இப்டா பிறந்தது. மறு ஆண்டு கல்கத்தாவில் 'நபான்ன' நாடகம் மேடையேறியது.

ஒரே நகரில் இரண்டு இசைகள் ஒலித்தன. ஒன்றைப் புகழ்ந்து மற்றொன்றைச் சபித்துவிட்டு நாம் போய்விடலாம். அப்படிச் செய்தால், ஓட்டல் மேடையில் இருந்த உழைப்பாளியை ஓட்டல் முதலாளியின் கணக்கிலேயே எழுதிக் கொடுத்தவர்கள் ஆவோம்.

அரக்கில் உறைந்த உழைப்பு

1940களின் முற்பகுதியில் வெதர்ஃபோர்ட் குழு கல்கத்தாவில் கொலம்பியா முத்திரையின் கீழ்ப் பல இசைத்தட்டுகளைப் பதிவு செய்தது. 'பேசின் ஸ்ட்ரீட் ப்ளூஸ்' அவற்றில் ஒன்று. நியூ ஆர்லியன்ஸ் தெரு ஒன்றைப் பற்றிய அந்தப் பாடலை வெதர்ஃபோர்டே பாடியிருக்கிறார். சிறுவனாகப் பியானோ கற்ற நகரின் பாட்டை, ஏழு கடல் தாண்டி, போர் விமானங்கள் பறக்கும் ஊரில், பர்மா அகதிகளைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஒருவர் பாடுகிறார். கேட்கும்போது இதை நினைத்துக்கொண்டு கேட்க வேண்டும்.

இந்த இசைத்தட்டு எதனால் ஆனது? அந்தக் காலத்து 78 சுழற்சித் தட்டின் பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று நிமிடம் ஒலிக்கும். அரக்கோடு கல்தூளும் கரியும் சேர்த்து அழுத்திய தட்டு அது. உலகின் அரக்கில் மிகப் பெரும் பங்கு இந்தியாவிலிருந்து சென்றது. சோட்டா நாகபுரிக் காடுகளில் புரசு மரத்திலும் இலந்தையிலும் அரக்குப் பூச்சியை வளர்த்து, குச்சியிலிருந்து சுரண்டி எடுத்துத் தரகரிடம் சொற்பக் காசுக்கு விற்றவர்கள் ஆதிவாசிகள். ஆம்ஸ்ட்ராங்கின் இசைத்தட்டும், எல்லிங்டனின் இசைத்தட்டும், நம் ராஜரத்தினம் பிள்ளையின் நாதசுர இசைத்தட்டும் அந்த அரக்கு இல்லாமல் உருவாகியிருக்காது. 1942இல் போர்த் தேவைக்காக அமெரிக்க அரசு இசைத்தட்டுத் தொழிலுக்கு அரக்கைக் கடுமையாகக் குறைத்தபோதுதான், தங்கள் பாட்டு எந்த மரத்தில் காய்த்தது என்பதை நியூயார்க் கம்பெனிகள் உணர்ந்தன. கல்கத்தாவில் டம்டம் தொழிற்சாலை இயங்கியது. ஓட்டலிலிருந்து வந்த இசையும் காட்டிலிருந்து வந்த அரக்கும் அங்கே ஆலைத் தொழிலாளியின் கையில் ஒன்றாகின. இசைத்தட்டின் நடுவட்டத்தில் அச்சானது கம்பெனியின் பெயரும் குழுத் தலைவரின் பெயரும் மட்டுமே.

அதே 1942 ஆகஸ்டு 1 அன்று அமெரிக்க இசைக் கலைஞர் சங்கம் ஒரு மகத்தான வேலைநிறுத்தத்தைத் தொடங்கியது. தலைமை தாங்கியவர் ஜேம்ஸ் பெட்ரில்லோ. இசைத்தட்டுப் பெட்டிகளும் வானொலியும் வந்ததால் மேடைக் கலைஞரின் வேலை பறிபோயிற்று. ஆகவே, விற்கும் ஒவ்வோர் இசைத்தட்டுக்கும் ஒரு தொகையை வேலையற்ற கலைஞருக்கான நிதியில் கம்பெனி செலுத்த வேண்டும் என்று சங்கம் கோரியது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சங்கக் கலைஞர்கள் வணிகப் பதிவுக்குச் செல்ல மறுத்தார்கள். 1943இல் டெக்கா பணிந்தது. 1944 நவம்பரில் கொலம்பியாவும் விக்டரும் பணிந்தன. 'ஸ்விங் காலத்தின் கலைஞர்கள் கேளிக்கைக்காரர்கள். அவர்களுக்கு வர்க்க உணர்வு ஏது?' என்று எண்ணுபவர்களுக்கு இந்த வேலைநிறுத்தமே மறுமொழி. அந்தச் சங்கத்தின் கை எட்டாத கல்கத்தாவில் வெதர்ஃபோர்ட் குழு வாசித்துக்கொண்டிருந்தது. இங்கே அத்தகைய சங்கம் எழ மேலும் காலம் தேவைப்பட்டது.

1945 ஏப்ரல் 25 அன்று வெதர்ஃபோர்ட் கல்கத்தாவில் காலராவால் இறந்தார். வயது 41. ஹிட்லரின் முடிவுக்கு ஐந்து நாட்களே இருந்தன. பஞ்சத்தின் பின்னே வந்து ஏழைகளை வாரிக்கொண்டு போன அதே நோய், ஓட்டலில் வாசித்த கலைஞரையும் கொண்டுபோயிற்று. அமெரிக்க ஜாஸ் வரலாற்று நூல்களில் அவருக்குக் கிடைப்பவை சில வரிகளே. ஸ்விங் காலத்தின் புகழும் பணமும் குவிந்தபோது அவர் அந்த நாட்டில் இல்லை.

நம் பக்கத்துப் பிழைகள்

தோழர்களே, நாம் நம்மையும் விமர்சித்துக்கொள்ள வேண்டும். ஜாஸ் என்றால் என்ன என்று பாசிஸ்டுகளுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. 1938இல் நாஜிகள் டூசெல்டார்ஃப் நகரில் 'சீரழிந்த இசை' என்று ஒரு கண்காட்சி வைத்தார்கள். அதன் சுவரொட்டியில் சாக்ஸபோன் ஊதும் கறுப்பினத்தவர் ஒருவரின் மார்பில் யூத நட்சத்திரத்தைக் குத்தி வைத்தார்கள். இனக்கலப்பின் இசை என்பதே அவர்களுடைய ஆத்திரம். அந்த நாஜிகளிடமிருந்து தப்பிச் சோவியத் நாட்டுக்கு வந்த எடி ரோஸ்னர் என்ற யூத டிரம்பெட் கலைஞர், அங்கே பெலாரஸ் அரசு ஜாஸ் குழுவுக்குத் தலைமை தாங்கிப் பெரும் புகழ் பெற்றார். 1946இல் அவர் கைதானார். 1954 வரை முகாம்களில் கழித்தார். ஷாங்காயின் லீ ஜின்ஹுய் கலாச்சாரப் புரட்சிக் காலத்தில் துன்புறுத்தப்பட்டு 1967இல் இறந்தார். இவற்றை எதிரிகள் சொல்லும் வரை காத்திராமல் நாமே சொல்ல வேண்டும். இசைக் கருவியைப் பார்த்து வர்க்கத்தை முடிவு செய்த பிழை அது.

இந்தப் பிழையைச் செய்யாத மார்க்சியர்களும் இருந்தார்கள். நம் தோழர்கள் விரும்பிப் படிக்கும் வரலாற்றாசிரியர் எரிக் ஹாப்ஸ்பாம், பிரான்சிஸ் நியூட்டன் என்ற புனைபெயரில் ஜாஸ் விமர்சனம் எழுதியவர். 1959இல் அதைப் பற்றி ஒரு நூலே வெளியிட்டார். அந்தப் புனைபெயரை அவர் எடுத்தது பிராங்கி நியூட்டன் என்ற கறுப்பின டிரம்பெட் கலைஞரிடமிருந்து. அந்தக் கலைஞர் ஓர் இடதுசாரி. 1939இல் பில்லி ஹாலிடே, கறுப்பின மக்கள் மரத்தில் தூக்கிலிடப்படுவதைப் பற்றிய 'ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்' பாடலைப் பதிவு செய்தபோது பின்னணி வாசித்தது பிராங்கி நியூட்டனின் குழு. பாடலை இயற்றியவர் கம்யூனிஸ்ட் ஆசிரியரான ஏபல் மீரோபோல். பெரிய கம்பெனி பதிவு செய்ய மறுத்ததால் ஒரு சிறிய நிறுவனம் அதை வெளியிட்டது.

அமெரிக்க அரசு பின்னாளில் ஜாஸ் கலைஞர்களை உலகெங்கும் தூதர்களாக அனுப்பித் தன் முகத்துக்கு வெள்ளையடிக்க முயன்றது உண்மை. ஆனால் 1957இல் லிட்டில் ராக் நகரில் கறுப்பினப் பிள்ளைகள் பள்ளிக்குள் தடுக்கப்பட்டபோது, அரசின் சார்பில் சோவியத் பயணம் செல்ல மறுத்தவரும் ஒரு ஜாஸ் கலைஞரே. அவர் லூயி ஆம்ஸ்ட்ராங். 1926இல் வெதர்ஃபோர்டுக்குப் பக்கத்தில் அமர்ந்து வாசித்த அதே ஆம்ஸ்ட்ராங்.

அந்த இசை எங்கே போயிற்று?

விடுதலைக்குப் பின் நடனக் குழுக்கள் மெல்லக் கலைந்தன. அக்கலைஞர்கள், முக்கியமாகக் கோவாக்காரர்கள், பம்பாய் திரைப்பட ஒலிப்பதிவுக் கூடங்களுக்குச் சென்றார்கள். சிக் சாக்லேட் என்று அழைக்கப்பட்ட டிரம்பெட் கலைஞர் 1951இல் வந்த 'அல்பேலா' படத்தில் தம் குழுவோடு திரையிலேயே தோன்றினார். பெரும்பாலோர் பெயர் எந்தத் திரையிலும் வரவில்லை. வங்கத்து இப்டாவிலிருந்து வந்த சலில் சவுத்ரி, மேலை நாட்டு ஒத்திசையைக் கூட்டுப் பாடலுக்கும் திரை இசைக்கும் கொண்டுவந்தார். கேரளக் கடற்கரை வாழ்வைச் சொன்ன 'செம்மீன்' படத்துக்கு இசையமைத்தவர் அவரே. பஞ்ச காலக் கல்கத்தாவில் எதிரெதிரே ஒலித்த இரண்டு இசைகளும் இப்படித்தான் ஒரே கூடத்தில் சந்தித்தன.

நம் சென்னையில் எம். பி. சீனிவாசன் வந்தார். 'பாதை தெரியுது பார்' படத்துக்கு இசையமைத்த கம்யூனிஸ்ட். மலையாளத் திரையுலகமும் உரிமையோடு கொண்டாடும் கலைஞர். சேர்ந்திசையைத் தமிழ் இளைஞர்களிடம் கொண்டு சென்ற அவர், திரை இசைக் கலைஞர்களுக்குச் சங்கம் கட்டினார். வாசித்தவருக்கு வாசித்ததற்கான கூலி ஒழுங்காகக் கிடைக்க வேண்டும் என்று போராடினார். பெட்ரில்லோவின் சங்கம் அமெரிக்காவில் எழுப்பிய கேள்வியை நம் மண்ணில் எழுப்பியவர் எம்.பி.எஸ். கொழுத்தவர்களின் இசை என்று ஒதுக்குவதைவிட, இசைப்பவரின் பக்கம் நின்று அவரை அணிதிரட்டுவதே நமது வழி என்பதை அவர் செயலில் காட்டினார்.

இன்று அந்தக் கேள்வி மீண்டும் கூர்மையாகியிருக்கிறது. அறுபது பேர் வாசித்த இடத்தில் இப்போது ஒரு கணினி நிற்கிறது. கைப்பேசியில் கோடிக்கணக்கான முறை ஒலிக்கும் பாட்டின் வருமானத்தில், வயலின் வாசித்தவருக்கும் தவில் அடித்தவருக்கும் என்ன வருகிறது? திருமண மண்டபத்தில் வாசிக்கும் பேண்டு வாத்தியக்காரருக்கு மருத்துவக் காப்பீடு உண்டா? இவை கலைப் பிரிவின் கேள்விகள் என்று தொழிற்சங்கம் தள்ளிவிடக் கூடாது. தொழிற்சங்கத்தின் கேள்விகள் என்று கலைப் பிரிவும் தள்ளிவிடக் கூடாது.

மட்டாஞ்சேரித் தோழர்களுக்கு

முடிக்கும் முன் இவ்வூருக்குத் திரும்புகிறேன். சாப்பா முறையில் கங்காணி உலோக வில்லைகளைக் கூட்டத்தின் நடுவே வீசுவான். பாய்ந்து பிடித்தவனுக்கு அன்று வேலை, பிடிக்காதவனுக்குப் பட்டினி. மனிதனை மனிதன் மேல் மோதவிட்ட அந்த இழிவை எதிர்த்து 75 நாள் நீடித்த போராட்டம் நடந்தது. தோழர் கே. எம். சிதம்பரன் 1968இல் அதை 'துறைமுகம்' என்ற நாடகமாக எழுதினார். 2023இல் ராஜீவ் ரவி அதைத் திரைப்படமாக்கினார். நாடகம் எழுதியவர் இருந்ததால் அந்த வரலாறு நம் கைக்கு வந்தது.

வெதர்ஃபோர்டின் கதையும் நமக்குக் கிடைத்தது ஒரு காரணத்தால்தான். இசைத்தட்டு இருந்தது, அதைச் சிலர் குப்பையில் போடாமல் காத்தார்கள். ஆகவே தோழர்களிடம் ஒரு வேண்டுகோள். சுமை தூக்கும்போது பாடிய பாட்டு, ஊர்வலத்தில் பாடிய பாட்டு, தோபிக்கானாவில் கல்லில் துணி அடித்தபடி பாடிய தமிழ்ப் பாட்டு எதுவாயினும், அவற்றை அறிந்த முதியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். ஒவ்வொரு கிளையும் ஒரு தோழரை அதற்கென ஒதுக்கட்டும். பாட்டைப் பதிவு செய்யும்போது பாடியவர் பெயர், அவர் செய்த தொழில், அவர் அதைக் கற்ற இடம் ஆகிய மூன்றையும் சேர்த்து எழுதி வைக்கட்டும். டம்டம் இசைத்தட்டின் வட்டத்தில் இடம் கிடைக்காத பெயர்களைப் போல் நம்முடைய பெயர்களும் போய்விடக் கூடாது.

என்னிடம் கேள்வி கேட்ட தோழருக்கு என் பதில் இதுதான். ஓட்டல் முதலாளியுடையது, நடனம் துரைமாருடையது. இசை, வர்ஜீனியாவின் சுரங்க ஊரில் பிறந்து கல்கத்தாவில் காலராவில் மாண்ட அந்தத் தொழிலாளியுடையது. அவரை நம் வரிசையில் சேர்த்துக்கொள்வோம்.